நூலகத்தில் சுரதாளக் குறிப்பைத் தேடுதல்



பழைய வர்ணமெட்டில் புதுப்பாடல் புனைய விழையும் கவிஞருக்குச் சாகித்தியம் எளிதில் கிடைத்துவிடும். மெட்டை அறியவோ சுரதாளக் குறிப்பு வேண்டும். அக்குறிப்புகள் அச்சேறாமல் இல்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அமைந்தது. கமகங்களுக்கும் தனித்தனி அடையாளம் காட்டியது. சென்னை மியூசிக் அகாதெமி அதனைப் பின்னர்த் தமிழ் எழுத்திலும் கொணர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1940களில் தொடங்கித் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது. இருந்தும் பல்கலைக்கழக நூலகத்துள் நுழையும் மாணவர் பலர் வெறுங்கையோடு திரும்புகின்றனர்.

காரணம் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை அறிவது நூலின் பெயரையே. நூலுள் அடங்கிய நூறு பாடல்களின் பெயரை அன்று. பல்லவியின் முதற்சொல்லைக் கொண்டு தேடினால் விடை வராது. அமெரிக்கக் காங்கிரசு நூலகப் பகுப்பில் இசைக்குறிப்புக்கு 'எம்', இசைபற்றிய நூலுக்கு 'எம்எல்' என வேறுவேறு அடையாளம் உண்டு. தூவி பகுப்பில் இரண்டும் 780 என்னும் வரிசையிலேயே கலந்து நிற்கும். நூலகரைக் குறைகூறிப் பயனில்லை. பாடலாசிரியர் பெயரால் தொகுதியைக் கண்டு, பிறகு உள்ளடக்கத்தைப் புரட்டுவதே வழி.

அங்கும் ஓர் இடர் உண்டு. தீட்சிதர் நூல் மேள வரிசையில் செல்வது. கல்யாணி இராகத்துக் கீர்த்தனையை நாடுபவர் 65ஆம் மேளத்தைச் 'சாந்தகல்யாணி' என்ற பெயரில் காண்பார். இன்று பெருவழக்கான 'மேசகல்யாணி' என்னும் பெயரில் தேடினால் ஏமாறுவார்.

கணிப்பொறி வந்தபின் இத்தொல்லை தீர்ந்ததா எனில், பாதியே தீர்ந்தது. பக்கத்தைப் படமாகப் பிடித்துவைத்த மின்னூலில் எழுத்தைத் தேட இயலாது. எழுத்தாக மாற்றிய படியிலோ வேறொரு சிக்கல் எழுகிறது. தார ஸ்தாயியைக் காட்ட ஸகரத்தின் மேல் இடும் புள்ளி, தமிழ் எழுத்தில் அதனை மெய்யெழுத்தாகத் தோற்றுவிக்கிறது! மந்தர ஸ்தாயிக்குரிய கீழ்ப்புள்ளியும் காலத்தைக் காட்டும் மேற்கோடும் தட்டச்சில் உதிர்ந்துவிடக்கூடும். அவை உதிர்ந்தால், மேலே ஏற வேண்டிய மெட்டு கீழே இறங்கிவிடும். அடியின் அளவும் குலையும். ஆதலின் எழுத்துப்படி கிடைத்தாலும் அச்சுப் பக்கத்தோடு ஒப்பிடாமல் அதனை நம்பலாகாது.

இலக்கிய வட்டத்தார் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒருவர் ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, பாட்டு முதற்குறிப்பு, இராகம், தாளம், பக்க எண் ஆகிய நான்கையும் அகரவரிசையில் எழுதி, ஒரு படியை அந்நூலகத்திலேயே வைக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தொகுதிகளிலிருந்து தொடங்குவது எளிது; அவை தமிழ் எழுத்தில் அமைந்தவை.