நொறுங்கும் எலும்பும் அதற்கான மருத்துவமும்

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்பது சிறு அடிக்கே எலும்பு முறியும் பரம்பரை நோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது வருகிறது. எலும்புக்குக் கடினம் தருவது கால்சிய உப்பு. முறியாமல் தாங்கும் வலுவைத் தருவது கொலாஜன் என்னும் புரதம். திருப்பூரில் முறுக்கு நூலைக் கையாண்டவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும்: மூன்று இழைகள் சுற்றிப் பிணைந்து ஒரே புரியாகின்றன. அந்த இழைகளுக்கான மரபணுக்கள் 17ஆம், 7ஆம் குரோமோசோம்களில் உள்ளன. இழையின் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தால்தான் முறுக்கு இறுகும். அங்கே வேறொன்று புகுந்தால் புரியே கோணலாகி, பெரும்பாலும் நோய் கடுமையாகிறது. புரதம் சரியாக இருந்து அளவு மட்டும் பாதியானால் நோய் லேசு.

1979இல் ஆஸ்திரேலிய மருத்துவர் சில்லன்ஸ் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தார். லேசான முதல் வகையில் கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்திருக்கும், உயரம் குறைவதில்லை. இரண்டாம் வகைக் குழந்தை பெரும்பாலும் பிறந்த சில நாட்களில் இறந்துவிடுகிறது. மூன்றாம் வகையில் கால் வளைந்து, முதுகு கோணி, வளர்ச்சி குன்றும். நான்காவது இடைப்பட்டது. பல் மங்கித் தேய்வதும், நடுவயதுக்குள் காது மந்தமாவதும் பலரிடம் உண்டு.

கொலாஜன் மரபணுவில் வரும் குறை, பெற்றோர் ஒருவரிடமிருந்தோ புதிதாகவோ வரலாம். ஆனால் சில வகைகளில் பெற்றோர் இருவரும் நலமாக இருந்தும், இருவரிடமும் மறைந்திருக்கும் குறை பிள்ளையிடம் சேர்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது. மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டும் வழக்கமுள்ள மாநிலத்தில், 'எங்கள் வம்சத்தில் இல்லையே' என்ற ஆறுதலுக்கு இடமில்லை.

முறிந்த கைக்குப் பச்சிலை வைத்து மூங்கில் பத்தை கட்டும் வைத்தியத்துக்கு இன்றும் மதிப்பு உண்டு. முறிவு கூடும் என்பதும் உண்மையே. இந்த நோயில் முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். ஆனால் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் எலும்பு மேலும் இளைக்கிறது. கூடிய எலும்பு வளைந்து நின்றால், அதே இடம் மறுபடி முறிகிறது. மூன்று நான்கு முறை முறிந்த குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் கட்டு மட்டும் கட்டி அனுப்புவது பெரிய தவறு.

பாமிட்ரோனேட் போன்ற மருந்துகளை ரத்தக்குழாயில் ஏற்றினால் எலும்பின் அடர்த்தி கூடுகிறது. நசுங்கிய முதுகெலும்பு ஓரளவு நிமிர்கிறது. கொலாஜனின் குறையை அவை மாற்றுவதில்லை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை இந்தச் சிகிச்சையைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த மருத்துவத்தில் மிகவும் போற்றத்தக்கது கம்பி கோக்கும் அறுவைதான். வளைந்த தொடையெலும்பைத் துண்டுகளாக வெட்டி, நேராக்கி, நடுவே கம்பி செருகுகிறார்கள். வளரும் எலும்போடு தானும் நீளும் கம்பிகள் இப்போது இருக்கின்றன. தவழ்ந்தே கிடந்த பிள்ளைகள் பலர் இதனால் எழுந்து நின்றிருக்கிறார்கள். நீந்துவதும் தசைப்பயிற்சியும் கூடவே தொடர வேண்டும்.

முதல் குழந்தையின் ரத்தத்தில் எந்த மரபணு பழுது என்று கண்டறியப்பட்டிருந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து நோய் உண்டா என்று சொல்ல முடியும். மறைந்த குறை பெற்றோர் இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.