ஒல்லி உடம்பிலும் கொழுப்பு

சென்னை ராயபுரத்தில் 1954-ல் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் எம். விஸ்வநாதன். அந்த வட்டாரத்தில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி இது: துறைமுகத்தில் நாள் முழுக்க உழைக்கிறவருக்கு, பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கு, ஏன் சர்க்கரை வருகிறது?

2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அன்று அதை அளந்தது எக்ஸ்-ரே கருவி.

கொழுப்பு எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்வது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். வலுவான காந்தப் புலத்துக்குள் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனும் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனும் சற்றே வேறுபட்ட வேகத்தில் சுழல்கின்றன. அந்த நூலிழை வித்தியாசத்தைக் கொண்டு இரண்டையும் தனித்தனிப் படமாகப் பிரிக்கும் வழியை 1984-ல் டிக்ஸன் என்பவர் வெளியிட்டார். தோலுக்கடியில் எவ்வளவு, கல்லீரலில் எவ்வளவு, குடலைச் சுற்றி எவ்வளவு என்று பிரித்து அளக்கலாம். கதிர்வீச்சும் கிடையாது. குடலைச் சுற்றிய கொழுப்புதான் நமக்குப் பெரிய எதிரி.

இதற்காக எல்லோரும் ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வீட்டில் தையல் டேப் இருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினால், எடை சரியாகவே இருந்தாலும், இந்த வாரமே போய் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.