புன்னைக்காயலும் அச்செழுத்தும்

பொதிகையிற் பிறந்து நெல்லைச் சீமையை வளப்படுத்தும் தாமிரபரணி, கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் என்றோர் ஊர் உண்டு. தமிழ் அச்சின் கதையை அங்கிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

போர்ச்சுகல் நாட்டு அண்டிரிக் அடிகளார் 1546-இல் இந்தியாவுக்கு வந்தார். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் முத்துக்குளித்துறையிலே பணியாற்றி, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். தமிழை முயன்று கற்று, அதற்கு இலக்கணமும் எழுதியவர் அவர். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. பக்கங்கள் பதினாறே. ஆயினும், தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் அதுவே முதலாவது. அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் நம் கடற்கரைப் பரதவ மக்கள்.

அக்காலத்து ஐரோப்பாவைச் சற்று நோக்குங்கள். லூத்தரின் கருத்துகளை அச்சுப்பொறி நாடெங்கும் பரப்பியது. ஆகவே, ஆசிரியர் பெயரும் ஆயரின் இசைவும் இன்றிச் சமய நூல்களை அச்சிடலாகாது என்று திரெந்துப் பொதுச்சங்கம் 1546-இல் விதித்தது. 1559-இல் உரோமையிலிருந்து தடைநூற் பட்டியலும் வெளிவந்தது. அங்கே அச்சைக் கண்டு அஞ்சிய திருச்சபையே இங்கே தமிழுக்கு அச்செழுத்தை வார்த்தது!

இது முரணன்று. அச்சிட்ட சொல் எல்லோரிடமும் ஒரே வடிவிற் சென்று சேரும். அவ்வடிவை வகுப்பவரிடமே அதிகாரம் தங்கும். 1599-இல் உதயம்பேரூரிற் கூடிய சங்கம், கேரளக் கிறித்தவரின் சிரியமொழி ஏடுகளைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டதை இதனோடு சேர்த்து எண்ணுங்கள்.

இதனை நான் வகுப்பிற் கூறியபொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அச்சு நமக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா?" என்று கேட்டான். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. இன்று கூறுகிறேன்.

எழுத்தை வார்த்தவர் ஒரு நோக்கத்தோடு வார்த்தார். எழுத்தோ அந்நோக்கத்திற்குள் அடங்கி நிற்கவில்லை. 1835-இல் அச்சகங்களுக்கிருந்த தடை நீங்கியபின், அச்சு நம்மவர் கைக்கும் தாராளமாக வந்தது. உ. வே. சாமிநாதையர் இதே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் தேடிக் கண்ட ஏட்டின் துணைகொண்டு 1889-இற் பத்துப்பாட்டை அச்சிட்டார். செல்லரித்து மறைய இருந்த செல்வம் அச்சினால் நிலைபெற்றது.

ஆகவே மாணவர்களே, ஒரு நூலைக் கையிலெடுக்கும்பொழுது அதனை எழுதியவர் யார் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அச்சிடப் பொருள் தந்தவர் யார், இசைவளித்தவர் யார், இசைவு பெறாமற் போன நூல்கள் எவை என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்டுப் பழகுதலே கல்வி.