நீரைக் காப்பதும் திருப்பணியே
(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் சமயத்தில் தண்ணீர் இல்லாத சடங்கு இல்லை. கலசத்தில் நீர், அபிஷேகத்திற்கு நீர், அஸ்தி கரைப்பதற்கும் நீர். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றியபோது, நீரின் அருமையை மலாக்கா மக்கள் நன்றாகவே உணர்ந்தோம். அன்றைய கவலை நீரின் அளவைப் பற்றியது. இன்று நான் பேச வந்திருப்பது, நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவரும் ஓர் ஆபத்தைப் பற்றி.

1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று அவர் எச்சரித்தார். அதுதான் நடந்தது. மருந்து பட்டதும் வலுவற்ற கிருமிகள் சாகின்றன. தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகுகின்றன. அதோடு நில்லாமல், தாங்கும் ஆற்றலைத் தரும் மரபணுவை அடுத்த இனக் கிருமிக்கும் கைமாற்றி விடுகின்றன.

இவை கூடும் சந்தைதான் சாக்கடை. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. வீடு, மருத்துவமனை, கால்நடைப் பண்ணை ஆகிய மூன்றின் கழிவும் ஒரே ஆற்றில் சேர்ந்தால் என்ன ஆகும்?

டில்லியில் கண்கூடாகத் தெரிந்தது. கடும் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற மரபணு சென்னை நோயாளிகளிடமும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் 2010-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், டில்லியின் 171 தேங்கிய கழிவுநீர் மாதிரிகளில் 51-இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-இலும் அது காணப்பட்டது. 30 டிகிரி சூட்டில் இந்தக் கைமாற்றம் மிகுதி என்றும் தெரிந்தது. நம் மலாக்கா ஓடைகளும் ஆண்டு முழுவதும் அதற்கு அருகிலான சூட்டில்தானே ஓடுகின்றன!

மற்ற மருந்துகள் தோற்றபின் மருத்துவர்கள் கையில் எடுக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று கோலிஸ்டின். அதையும் எதிர்க்கும் மரபணு 2016-இல் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜனவரி முதல் அரசாங்கம் தடை செய்தது. அது நல்ல செயல்.

2019-இல் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டுள்ளனர். நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி. காலில் வரும் புண்ணுக்கு மருந்து வேலை செய்யாவிட்டால், போவது காலாக இருக்கலாம்; உயிராகவும் இருக்கலாம்.

தோட்டங்களில் டிரஸ்ஸராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வீட்டில் மிஞ்சிய மாத்திரை அடுத்த வீட்டுப் பிள்ளையின் சளிக்குப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்பினால் செய்வதுதான், ஆனாலும் தீங்கு. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிஞ்சிய மருந்தைக் கழிப்பறையில் கொட்டாமல் அரசாங்க மருந்தகத்தில் கொடுங்கள். வீட்டு மலத்தொட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறையாகத் துப்புரவு செய்யுங்கள்.

அறங்காவலர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் மருத்துவ முகாம்களில் பழைய மருந்துகளைச் சேகரிக்க ஒரு பெட்டி வையுங்கள். தோட்டத்து ஆலயங்கள் பல ஓடைக்கரையில் இருக்கின்றன. திருவிழா நாளில் அவற்றின் கழிவு எங்கே போகிறது என்று பாருங்கள். பழுதான தொட்டிகளைச் சீர் செய்து கொடுங்கள்.

டியூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதுகிறோம். மலத்தொட்டியில் பெயர் எழுத யாரும் முன்வர மாட்டார்கள். பெயர் தெரியாமல் செய்யும் அந்த உபயத்தால், ஆற்றின் கீழ்க்கரையில் வாழும் முகமறியாப் பிள்ளைகள் நலமாக இருப்பார்கள். அதைவிடப் பெரிய புண்ணியம் வேறு ஏது?

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக.