உபரி யாருடையது, எப்போது திரும்பும்?



கூட்டுறவுச் சங்கத்தின் உபரி என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். பால், நெசவு, கடன், நுகர்வோர் பண்டகசாலை எனப் பல துறைகளிலிருந்தும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. தலைமையுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் கிராமப்புற மின் கூட்டுறவுகளை. உபரியை ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் வரவு வைத்து, பல ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தரும் முறையைத் தலைமுறைக் கணக்கில் நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த அனுபவத்தில் சாதனையும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது.

1930களின் நடுவில் அந்நாட்டுப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஒரு மைல் தூரத்துக்குக் கம்பி இழுத்தால் இரண்டு மூன்று வீடுகள்தான் கிடைக்கும். தனியார் நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகத்தை அமைத்தார். மறு ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினர்களான நோரிஸ், ரேபர்ன் இருவரும் கொண்டுவந்த சட்டம் அதற்கு உறுதியான அடித்தளம் போட்டது. கடன் தர அரசு தயார். வாங்கத் தனியார் முன்வரவில்லை. விவசாயிகளே ஆளுக்கு ஐந்து டாலர் போலச் சேர்த்துச் சங்கம் அமைத்தார்கள். 1944இல் வட்டி 2 சதவீதம், தவணைக் காலம் 35 ஆண்டு என்று நிலைப்பட்டது. இன்று சுமார் 900 சங்கங்கள். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் கம்பிதான் ஓடுகிறது.

ஐந்து டாலரில் மின்கம்பம் நட முடியாது. பங்கு விற்று மூலதனம் திரட்ட இவை பங்குச் சந்தை நிறுவனங்களும் அல்ல. கடன் போக மீதி மூலதனம் எங்கிருந்து வந்தது? உறுப்பினர் கட்டிய மின் கட்டணத்திலிருந்துதான். செலவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வசூலித்தார்கள். அதை லாபம் என்று சொல்லாமல், கட்டியவர் தந்த மூலதனம் என்று அவர் கணக்கில் எழுதினார்கள். ‘மூலதன வரவு’ என்கிற ஏற்பாடு இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சங்கத்தின் ஆண்டு மின் விற்பனை 3 கோடி டாலர், எல்லாச் செலவும் வட்டியும் போக உபரி 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையில் அது 6 சதவீதம். அந்த ஆண்டில் 1,500 டாலர் கட்டணம் கட்டிய குடும்பத்தின் பெயரில் 90 டாலர் வரவாகும். பெரிய பண்ணைக்காரர் 15,000 கட்டியிருந்தால் அவருக்கு 900. ஆனால் பேரவையில் இருவருக்கும் ஒரே வாக்குதான். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் கடை திறந்தபோது வகுத்த நெறி இது: வாங்கிய அளவுக்கு உபரி, ஆளுக்கொரு வாக்கு. 1904இல் தொடங்கிய நம் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அதே மரபில் வந்ததுதான்.

ராச்டேலில் உபரி காலாண்டுக்கொரு முறை கைக்கு வந்தது. மின் கூட்டுறவிலோ இந்த 90 டாலர் உடனே வராது. அது கம்பமாக, கம்பியாக, டிரான்ஸ்பார்மராக நிற்கிறது. பதினைந்து, இருபது, சில இடங்களில் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான், சங்கத்தின் நிதிநிலை இடம் கொடுத்தால், இயக்குநர் குழு தீர்மானம் போட்டு அந்த ஆண்டின் வரவைத் திருப்பித் தரும். காசோலையாக வரலாம், மாதப் பில்லில் கழிவாகவும் வரலாம். பழைய ஆண்டை முதலில் தீர்ப்பதே பெருவழக்கு. சில சங்கங்கள் பழையதில் பாதி, புதியதில் பாதி என்று கலந்து தருகின்றன, புதிதாகச் சேர்ந்தவருக்கும் உறுப்பினர் என்ற உணர்வு வரட்டும் என்று. கடன் கொடுத்த அரசும் ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது: திருப்பித் தந்த பிறகும் மொத்தச் சொத்தில் 30 சதவீதமாவது சொந்த மூலதனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தரும் தொகைக்கு உச்சவரம்பு வரும்.

உரிமை யாருக்கு என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. வருமானத்தில் 85 சதவீதமாவது உறுப்பினரிடமிருந்து வந்தால்தான் இச்சங்கங்களுக்கு வருமான வரி விலக்கு. 1972இல் வரித்துறை அளித்த விளக்கம் இன்னொன்றையும் சேர்த்தது: யாருடைய பெயரில் எவ்வளவு என்று பதிவேடு வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போனார், இணைப்பைத் துண்டித்தார் என்பதற்காக ஒருவருடைய வரவைப் பறிக்கக் கூடாது. ஆகவே உபரி உறுப்பினருடையதா என்று கேட்க வேண்டியதே இல்லை. எப்போது கொடுப்பது என்பதில்தான் சிக்கல் அத்தனையும். என் பார்வையில், ஒரு கூட்டுறவின் ஜனநாயகத்தை உரைத்துப் பார்க்கும் இடமும் அதுதான்.

ஏனென்றால் காத்திருப்புக்கு வட்டி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து வரும் அந்த 90 டாலரின் வாங்கும் சக்தி இன்றைய 50 டாலருக்குச் சமம். நம் ஊர் ஏலச்சீட்டில் கடைசி வரை காத்திருப்பவருக்குத் தள்ளுத் தொகையாவது கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. முந்தைய தலைமுறை பிந்தைய தலைமுறைக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. இதில் தவறில்லை, ஒரு நிபந்தனையோடு: இன்றைய உறுப்பினரும் நேற்றைய உறுப்பினரின் கம்பத்தில்தானே விளக்கேற்றுகிறார், அந்தச் சுழற்சி நிற்கக் கூடாது. நின்றுபோனால் நேற்றையவர் ஏமாந்தவர் ஆகிறார்.

இறந்துபோன உறுப்பினரின் வரவைப் பல சங்கங்கள் முறை வரும் முன்பே வாரிசுகளுக்குத் தந்துவிடுகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் பத்து ஆண்டு கழித்து வர வேண்டிய 90 டாலரை இன்றே வாங்கினால், 5 சதவீதக் கழிவில் 55 டாலர்தான் கைக்கு வரும். மீதி 35 சங்கத்திடமே தங்குகிறது. இது நியாயமா என்பதில் அங்கே இன்றும் இரண்டு கட்சி உண்டு.

சுழற்சி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் பெடர்னாலிஸ் சங்கமே சாட்சி. அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் இளம் உறுப்பினராக இருந்த லிண்டன் ஜான்சன் முன்னின்று 1938இல் உருவாக்கிய சங்கம் அது. பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய பகிர்மானக் கூட்டுறவாக வளர்ந்தது. 2007இல் அதன் உறுப்பினர்களே வழக்குத் தொடுத்தார்கள்: எங்கள் வரவு எங்கே, இயக்குநர் தேர்தலில் போட்டியிட எங்களுக்கு வழி எங்கே என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது. மூலதன வரவைத் திருப்பித் தரவும் தேர்தல் முறையைத் திறந்துவிடவும் சங்கம் இசைந்தது. பணம் நின்றதும் வாக்கு அடைபட்டதும் ஒரே வழக்கில் சேர்ந்து வந்ததைக் கவனியுங்கள். கேட்க ஆளில்லாத பேரவையில் பேரேடு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

இந்தியாவிலும் இதன் கிளை முளைத்தது. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தோன்றியபின், அமெரிக்க மின் கூட்டுறவு அமைப்பின் ஆலோசனையோடு ஐந்து முன்னோடிச் சங்கங்கள் அமைந்தன. இன்றைய தெலங்கானாவின் சிர்சில்லாவும் கர்நாடகத்தின் ஹுக்கேரியும் இப்போதும் இயங்குகின்றன. ஆனால் விவசாய மின்சாரத்துக்கு என்ன விலை என்பதை அரசுக் கொள்கை தீர்மானிக்கும் இடத்தில், உறுப்பினர் கட்டணத்திலிருந்து உபரி திரளவும் அது திரும்பவும் இடம் குறுகியது. கம்பியும் கம்பமும் இங்கே வந்தன. அந்தப் பேரேட்டு வழக்கம் வேர்பிடிக்கவில்லை. நம் ஆய்வாளர்கள் இறங்க வேண்டிய களம் இது.

இனி வரும் அமர்வுகளுக்கு மூன்று கேள்விகளை வைக்கிறேன். ஒன்று, நீங்கள் ஆய்ந்த சங்கத்தில் உபரி உறுப்பினர் பெயரில் தனித்தனியே ஏறுகிறதா, அல்லது பொதுவாகக் காப்புநிதி என்று கரைகிறதா? இரண்டு, திருப்பித் தரும் காலத்தை யார் தீர்மானிக்கிறார்கள், அதற்கான காரணத்தை உறுப்பினருக்குச் சொல்கிறார்களா? மூன்று, விலகியவருக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் அந்தப் பணம் உண்மையில் போய்ச் சேர்கிறதா? பங்கு ஈவு சதவீதத்தைச் சொல்லி முடிக்கும் கட்டுரைகள் நம்மிடம் ஏராளம். ஒரே ஓர் உறுப்பினரின் கணக்கை, அவர் சேர்ந்த நாள் முதல் பணம் திரும்பிய நாள் வரை, பக்கம் பக்கமாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வு அரிது. அப்படி ஒன்று இந்த அரங்கிலிருந்து பிறந்தால் கூட்டுறவியலுக்கு அது பெரும் பங்களிப்பாகும்.

அந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.