நோன்பு திறந்ததும் எழும் வேட்கை

(ரமளானை முன்னிட்டு ஜவ்வாது மலையடிவாரத்தில் நடைபெற்ற ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோன்புக் கஞ்சிக்கான ஏற்பாடுகளைப் பேசக் கூடியிருக்கும் இவ்வேளையில், புகைப்பழக்கமுடைய சகோதரர்களைக் குறித்தும் சிறிது பேச விழைகிறோம். அவர்களைக் கடிந்துரைப்பது நம் நோக்கமன்று.

பீடியின்றி ஒரு மணி நேரம் இருக்க இயலாது என்பவர், ரமளானில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் பாங்கு வரை ஏறத்தாழ 13 மணி நேரம் இருந்துவிடுகிறார். பாங்கு ஒலித்ததும் கஞ்சிக் கோப்பை காலியாகுமுன்பே அவர் கை சட்டைப்பையைத் தேடுகிறது. பகலெல்லாம் அடங்கியிருந்த வேட்கை அந்நேரத்தில் மட்டும் பொங்குவதேன்?

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ருவென் தார், புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் இதனை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார். பயணம் குறுகியதாயினும் நெடியதாயினும், விமானம் தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்கவே வேட்கை ஏறியது. குறும்பயணத்தின் முடிவில் இருந்த வேட்கை, நெடும்பயணத்தில் அதே அளவு நேரம் கடந்தபோது இருந்ததைவிட மிகுதி. உடலில் நிக்கோட்டின் குறைவது மட்டுமே காரணமன்று. ‘இனிப் பிடிக்கலாம்’ என்னும் எதிர்பார்ப்பும் வேட்கையை எழுப்புகிறது.

எனினும் உடலின் பங்கைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது. புகையை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டுகிறது. சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. அறவே நிறுத்தியவருக்கு முதல் 2, 3 நாட்களே மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் தோன்றி, 2 முதல் 4 வாரங்களில் தணியும். பகலில் பொறுத்து இரவில் புகைப்பவரோ நாள்தோறும் முதல் நாளுக்கே திரும்புகிறார். அத்தனை பாடும் பயனின்றிப் போகிறதே என்பதே நம் வருத்தம்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துக் குளிருக்குப் பீடி இதமளிக்கும் என்பார்கள். உண்மையில் நிக்கோட்டின் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால் விரல்கள் மேலும் குளிர்கின்றன. இலையில் சுற்றிய பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்பதும் பிழை. அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நச்சுப்புகை மிகுதியாகவே உட்செல்கிறது. வேலூர், குடியாத்தம் வட்டாரங்களில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்களை நாம் குறை கூறவில்லை. புகையிலைத் தூளைச் சுவாசித்து அவர்களும் துன்புறுகின்றனர்.

வயதாகிவிட்டது, இனி விட்டென்ன பயன் என்போர் கேட்கட்டும். பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டால் குழுவினர், 2004 இல் தம் முடிவை வெளியிட்டனர். 60 வயதில் நிறுத்தியவர் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுளை மீட்டனர். 50 வயதில் நிறுத்தியவர் 6, 40 இல் 9, 30 இல் 10 ஆண்டுகள்.

ஆகவே முதலில் காக்க வேண்டியது நோன்பு திறந்த பின்வரும் அரைமணி நேரம். வேட்கை அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் தானே அடங்கும். அதுவரை தண்ணீர் அருந்துவதோ, சிறிது நடப்பதோ, பிள்ளைகளுடன் பேசியிருப்பதோ போதும். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் பையில் இருத்தலாகாது. மிகுதியாகப் புகைப்போர் மருத்துவரின் ஆலோசனையுடன் நிக்கோட்டின் சூயிங்கத்தை இரவில் பயன்படுத்தலாம். அதைச் சாதாரணச் சூயிங்கம் போல் விடாது மெல்லலாகாது. காரம் தோன்றும்வரை மெதுவாக மென்று, கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ தேநீரோ அருந்தியவர் 15 நிமிடம் பொறுத்தே அதை வாயிலிட வேண்டும். இல்லையேல் மருந்து உடலில் சேராது. புகையிலையை விட விரும்புவோருக்கான மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356.

மஃரிபுக்குப் பின் வெளியே கடைக்குச் சென்று தேநீர் அருந்தும்போதுதான் பலர் கையில் பீடி ஏறுகிறது. எனவே இவ்வாண்டு ரமளான் முழுவதும் அத்தேநீரைப் பள்ளிவாசல் வளாகத்திற்குள்ளேயே வழங்க நிர்வாகக் குழு இசைந்துள்ளது.