நின்ற இடத்தில் ஆடியவர்

பெல்லி டான்ஸை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். துபாய் பாலைவனச் சுற்றுலா போனவர்கள் அங்கே பார்த்திருப்பீர்கள். இப்போதோ கைப்பேசியைத் திறந்தால் போதும். தலைமேல் வாள், முதுகில் விளக்கு எரியும் இறக்கை, நிற்காமல் நடுங்கும் இடுப்பு. இந்த ஆட்டத்தைக் கெய்ரோவில் கற்றுக்கொண்டவள், ஆடியவள், ஊர் திரும்பிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் சாகசம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. எகிப்தியர்கள் கொண்டாடிய ஆட்டம் வேறு. அதன் உச்சம் என்று நான் நினைப்பது தஹியா காரியோகாவை. இன்று பெரும்பாலும் அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தஹியா இஸ்மாயிலியாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கெய்ரோவுக்கு வந்து பதியா மசாப்னியின் குழுவில் சேர்ந்தார். பதியா 1926-இல் கெய்ரோவில் தன் காசினோவைத் திறந்தவர். சூதாட்ட விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு, நாடகம், ஆட்டம் எல்லாம் நடந்த அரங்கு அது. கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே ஆடியதை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். கைகள் உயர்ந்தன, நடை விரிந்தது, வாத்தியக் குழு பெரிதானது. தஹியா, இன்னொரு பேர்போன ஆட்டக்காரி சாமியா கமால், இருவருமே அந்த அரங்கில் வளர்ந்தவர்கள்.

1933-இல் ‘ஃப்ளையிங் டவுன் டு ரியோ’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. அதில் வந்த காரியோகா ஆட்டத்தைத் தஹியா மேடையில் ஆட, ஜனங்கள் அதையே அவர் பெயரோடு சேர்த்துவிட்டார்கள். அதனால், வெளியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தஹியாவே வாங்கியவர்தான். வாங்கியதைத் தன் நிதானத்துக்குள் கொண்டுவந்தார்.

நிதானம். இந்தச் சொல்லை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

‘லுஅபத் அல்-சித்’ என்று 1946-இல் வந்த படம். நகைச்சுவையில் பேர்போன நகீப் அல்-ரிஹானியோடு தஹியா நடித்தது. தஹியா படங்களில் ஆடும் காட்சிகளைப் பாருங்கள். பெரும்பாலும் நின்ற இடத்தை விட்டு அதிகம் நகர மாட்டார். தோள் அமைதியாக இருக்கும். உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும். முழங்கால் லேசாகத் தளரும். அந்தத் தளர்வுதான் இடுப்பில் அசைவாக வந்து சேரும். இடுப்பை அவர் தனியாகப் பிடித்து ஆட்டுவதில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. யாரிடமும் எதையும் கேட்காத சிரிப்பு. அறிஞர் எட்வர்ட் சயீத் பையனாக இருந்தபோது கெய்ரோவில் தஹியா ஆடியதைப் பார்த்தவர். பல பத்தாண்டுகள் கழித்து, 1990-இல், லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் வியந்ததும் இதைத்தான்: எவ்வளவு குறைவாக அசைந்தார் என்பதை.

குறைவாக அசைந்தால் எப்படி ஆட்டமாகும்? காதால்தான். எகிப்தின் தபலா என்ற மேளத்தில் அடிப்படையான தாளம் மக்ஸூம். தும் தெக், தெக் தும் தெக். ‘தும்’ கனமான சொல், ‘தெக்’ விளிம்பில் விழும் கூர்மையான சொல். இன்று ஆடுகிறவர்கள் எல்லாச் சொல்லுக்கும் இடுப்பால் பதில் சொல்கிறார்கள். தஹியா ஒன்றை விடுவார், இன்னொன்றை எடுப்பார், மூன்றாவதுக்கு விரலை மட்டும் அசைப்பார். எதை விடுவது என்று தெரிந்தவர்.

இதைவிடக் கடினம் தக்சீம். நம் ஆலாபனையைப் போல, தாளக் கட்டு இல்லாமல் ஒரே வாத்தியம் ராகத்தை விரித்துக்கொண்டு போகும். கெய்ரோவில் அதற்கு அக்கார்டியனை விரும்புவார்கள்; அரபு இசையின் கால் ஸ்வரங்கள் பேசும்படி அதை மாற்றி அமைத்திருப்பார்கள். அப்போது எண்ணிக் கால்வைக்கத் தாளம் இருக்காது. வாசிப்பவர் மூச்சு எங்கே போகிறதோ, ஆடுபவள் அங்கே போக வேண்டும்.

கணவரின் வேலைக்காகக் கெய்ரோ போன நான், வயதான ஒரு நடனக்காரியிடம் கற்றேன். அவருடைய வீடு முகம்மது அலி தெருப் பக்கம். வாத்தியக்காரர்களும் ஆட்டக்காரிகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெரு அது. அப்லா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊரில் ஆசிரியைக்கும் அக்காளுக்கும் அதே சொல். அப்லா கேசட்டைப் போட்டுவிட்டு, “உட்கார் மகளே, முதலில் காது, அப்புறம் இடுப்பு” என்பார். நான் எழுந்தால் அதட்டுவார். வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு அந்த இசைக்கு நடக்கச் சொன்னார். நடக்க மட்டும்.

அதன் அருமை பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தில் தெரிந்தது. தெருவை அடைத்துப் பந்தல். பெண்கள் என்னை நடுவில் இழுத்து விட்டார்கள். அக்கார்டியன்காரர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தவர் விடவே இல்லை. நான் அசையாமல் நின்றேன். அவர் இழுக்க, நான் நிற்க, அவர் மெல்ல இறங்கியபோது என் பாரமும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு இறங்கியது. அவ்வளவுதான். சுற்றியிருந்த கிழவிகள் குலவையிட்டார்கள். நான் எத்தனையோ மேடையில் எத்தனையோ சுழன்றிருக்கிறேன். அந்தக் குலவைக்கு ஈடாக எதுவும் கிடைத்ததில்லை.

சாமியா கமாலைப் பற்றிக் கேட்பீர்கள். மேடை முழுக்க மிதப்பார், ‘அஃப்ரீதா ஹானிம்’ படத்தில் அத்தனை அழகு. இருந்தாலும் என் ஓட்டு தஹியாவுக்குத்தான். அவர் நடிப்பும் லேசானதல்ல. சலாஹ் அபூ சைஃப் இயக்கிய ‘ஷபாப் இம்ரஆ’வில், கிராமத்திலிருந்து படிக்கவந்த பையனை மயக்கும் வீட்டுக்காரியாக வருவார், அந்தப் படம் 1956-இல் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. அரசியலுக்காகச் சிறைக்கும் போனவர். 1999-இல் காலமானார்.

இங்கே என்னிடம் வரும் பெண்கள் முதல் நாளே கேட்பது, “அக்கா, இந்தப் பாட்டுக்கு ஸ்டெப்ஸ் சொல்லிக்கொடுங்க.” ஸ்டெப்ஸே கூடாது என்பதல்ல. மஹ்மூத் ரெதா 1959-இல் தொடங்கிய நாட்டுப்புறக் குழுவுக்கு வரிசை வைத்த அடவுகள் பொருந்தின, பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. தனியாளாக ஆடுபவள் அடவை மனப்பாடம் செய்துவிட்டால், வாத்தியக்காரர் எதை வாசித்தாலும் அவள் காதில் விழாது. என் வகுப்பில் சின்னப் பெண்கள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு திணறுவார்கள். பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மாள், ஆட்டமே தெரியாதவர், கண்ணை மூடிக்கொண்டு, ஒலித்துக்கொண்டிருந்த அக்கார்டியனுக்கு ஒரே ஒரு முறை இடுப்பை இறக்கினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவர் கேட்டார், அதனால் ஆடினார். முதலில் காது, அப்புறம் இடுப்பு.

அப்துல் வஹாப் இசையமைத்து 1964-இல் உம் குல்தூம் பாடிய ‘இன்த்த உம்ரி’யைத் தேடிக் கேளுங்கள். அவர் வாய்திறக்கும் முன் வரும் நீண்ட வாத்திய இசையை எழுந்திருக்காமல் முழுவதும் கேளுங்கள். பிறகு அதே பாட்டுக்கு ஆட்டக்காரி சோஹேர் ஜகி ஆடியதைப் பாருங்கள். இந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வகுப்பில் கண்ணாடியைத் துணிபோட்டு மூடிவிட்டு, ஒரு தக்சீமை ஒலிக்கவிடுங்கள், அது முடியும்வரை யாரையும் எழுந்திருக்க விடாதீர்கள்.